நானோவிஎன்ஏ பொய் சொல்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மொட்டை மாடி ஆன்டெனா பற்றி எழுதும்போது, கையடக்க வெக்டர் நெட்வொர்க் அனலைசர் (சுருக்கமாக விஎன்ஏ: சிக்னல் ஒன்றை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து ஆன்டெனாவையும் கேபிளையும் அளக்கும் கருவி, நானோவிஎன்ஏ அதில் ஒரு மாடல்) ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. பெரும்பாலான கடிதங்களில் இருப்பது ஒரே புகார்: கருவி தப்பாகக் காட்டுகிறது. ஒன்றிரண்டு தவிர மற்ற எல்லாவற்றிலும் கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, எந்த இடத்தில் வைத்து அளக்கிறோம் என்பதில்தான் கோளாறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: சார், நான் பாலிடெக்னிக் மாணவன். நண்பர்கள் சேர்ந்து ஒரு நானோவிஎன்ஏ வாங்கினோம். எஸ்டபிள்யூஆர் மீட்டர் செய்கிற வேலையைத்தானே இதுவும் செய்கிறது, எதற்கு இத்தனை மெனு?
– வாசகர், கரூர்

பதில்: எஸ்டபிள்யூஆர் மீட்டர், அனுப்பிய சிக்னலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று மட்டும் சொல்லும் (1 என்றால் எதுவும் திரும்பவில்லை, எண் கூடக் கூடத் திரும்புவது அதிகம்). விஎன்ஏ அது எந்தக் கட்டத்தில், அதாவது எந்த ஃபேஸில் திரும்புகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும். இந்த ஒரு கூடுதல் தகவலை வைத்துத்தான் ஆன்டெனாவின் மின்தடை எத்தனை ஓம், அது காயில் மாதிரி நடக்கிறதா கெப்பாசிட்டர் மாதிரி நடக்கிறதா, கேபிள் எத்தனை மீட்டர் என்பதெல்லாம் கணக்குப் போட முடிகிறது. அது வெளியே அனுப்புவதோ மிகச் சிறிய சிக்னல், ஒரு மில்லிவாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு. ஆகவே டிரான்ஸ்மிட்டர் எதுவும் இல்லாமலே, யாருடைய பேச்சையும் கெடுக்காமல் அளக்கலாம்.

உள்ளே இருப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் உதவும். சிஐ5351 என்ற சின்ன கிளாக் சிப் சிக்னலை உண்டாக்குகிறது. மூன்று மிக்சர்கள் அதைக் காது கேட்கும் அளவுக்கு இறக்குகின்றன. சத்தத்தைப் பதிவு செய்யப் பயன்படும் ஆடியோ கோடெக் ஒன்று அதை எண்ணாக்குகிறது. 1967இல் ஹியூலெட் பேக்கர்ட் கம்பெனி 8410 என்ற நெட்வொர்க் அனலைசரை வெளியிட்டபோது அது மேசையை அடைத்துக்கொள்ளும் பெட்டிகளின் தொகுப்பு. அதே வேலையின் ஒரு பகுதியைச் சட்டைப் பையில் போடும் அளவுக்குக் கொண்டுவந்தவர் எடி555 என்ற பெயரில் இயங்கும் ஜப்பானிய வடிவமைப்பாளர். அவர் திறந்து கொடுத்த வரைபடத்தை வைத்து 2019 வாக்கில் சீனாவில் மொத்தமாகத் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் இது நம் கைக்கு வந்தது.

அந்த கிளாக் சிப் நேரடியாக 300 மெகாஹெர்ட்ஸ் வரைதான் போகிறது. அதற்கு மேல் அதன் சதுர அலையில் இருக்கும் மூன்றாவது, ஐந்தாவது ஹார்மோனிக்கைப் பிடித்து அளக்கிறார்கள். அதனால் மேலே போகப் போகக் கோடு நடுங்குவது இயல்பு, பழுது என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: நேற்று கேலிபரேஷன் செய்தேன், அருமையாக வேலை செய்தது. இன்று ஆன் செய்து அதிர்வெண்ணை மாற்றினேன், எதுவும் மாட்டாதபோதே புள்ளி எங்கேயோ நிற்கிறது. கருவி கெட்டுவிட்டதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கெடவில்லை. வரிசைதான் மாறியிருக்கிறது. முதலில் ஸ்டிமுலஸ் மெனுவில் ஆரம்பமும் முடிவும் போடுங்கள். 7 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா பார்க்கப் போகிறீர்கள் என்றால் 6 முதல் 8 வரை போதும், 900 வரை திறந்து வைக்காதீர்கள். அப்புறம் கேலிபரேஷன் மெனுவில் ரீசெட். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், பழைய திருத்தத்தின் மேலேயே புதிய திருத்தம் ஏறிக்கொள்கிறது. பிறகு மூன்று கேலிபரேஷன் முனைகளை ஒவ்வொன்றாக மாட்டி ஓப்பன் (திறந்தது), ஷார்ட் (ஒட்டியது), லோட் (50 ஓம்). ஃபில்டர் பார்ப்பதாக இருந்தால் மட்டும் ஐசொலேஷனும் த்ரூவும். டன் கொடுத்து, பூஜ்யம் முதல் 4 வரை உள்ள இடங்களில் ஒன்றில் சேமியுங்கள். பூஜ்யத்தில் சேமித்ததுதான் ஆன் செய்தவுடன் தானாக வரும்.

திரையின் இடது ஓரத்தில் பொடி எழுத்துக்கள் வரிசையாக நிற்கும், அதில் முதல் எழுத்தைப் பாருங்கள். பெரிய ‘சி’ என்றால், நீங்கள் அளக்கும் வரம்பும் கேலிபரேஷன் செய்த வரம்பும் ஒன்று. சின்ன ‘சி’ என்றால் நீங்கள் வரம்பை மாற்றிவிட்டீர்கள், கருவி நடுவில் ஊகித்து நிரப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நடந்தது இதுதான் என்று தெரிகிறது.

ஒவ்வொரு முறையும் கேலிபரேஷன் முடிந்ததும் அதே மூன்று முனைகளை மறுபடி மாட்டிப் பாருங்கள். ஸ்மித் சார்ட்டில் (எத்தனை ஓம், காயில் மாதிரியா கெப்பாசிட்டர் மாதிரியா என்பதை ஒரே புள்ளியாகக் காட்டும் வட்ட வரைபடம்) ஓப்பன் வலது கோடியில், ஷார்ட் இடது கோடியில், லோட் நட்ட நடுவில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் கருவியை நம்பலாம். லோடை ஒரு தடவை மல்டிமீட்டரில் வைத்தும் பாருங்கள். 50 ஓம் வர வேண்டியதற்கு 56 வந்தால், கருவி அந்த 56ஐத்தான் 50 என்று நம்பி அளக்கும்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கேலிபரேஷன் செய்வது கருவியின் வாயில் அல்ல, ஆன்டெனா மாட்டப்போகும் முனையில். பல வருடங்களுக்கு முன் கருவியின் வாயில் கேலிபரேஷன் செய்துவிட்டு, 3 மீட்டர் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்சியல் கேபிளைச் சேர்த்து ஆன்டெனாவில் மாட்டினேன். காயில் மாதிரி காட்டியது. சரி என்று கெப்பாசிட்டர் போட்டேன், இன்னும் மோசமானது. மதிய வெயிலில் மாடியில் நின்று மதிப்பை மாற்றி மாற்றிப் போட்டு, சாயங்காலம்தான் உறைத்தது. அந்த 3 மீட்டர் கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் ஸ்மித் சார்ட்டின் புள்ளியை ஏறத்தாழ 76 டிகிரி சுற்றிவிடுகிறது. எஸ்டபிள்யூஆர் அப்படியேதான் இருக்கும், அதனால் சந்தேகமே வராது. ஆனால் எத்தனை ஓம், எந்தப் பக்கம் என்பதெல்லாம் தலைகீழாகிவிடும். எஸ்டபிள்யூஆர் மட்டும் பார்ப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. மேட்சிங் செய்ய உட்காருபவர் இதை மறந்தால் அன்றைய நாள் போச்சு.

கேள்வி: மொட்டை மாடியில் 145 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா. 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் கீழே வருகிறது. நானோவிஎன்ஏவில் எஸ்டபிள்யூஆர் 1.6, வருடக்கணக்காக மாறவில்லை. ஆனால் முன்பு எளிதாகப் பிடித்த ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) இப்போது திக்கித் திணறித்தான் வருகிறது. ரேடியோவை சர்வீஸுக்குக் கொடுத்தேன், பழுது இல்லை என்கிறார்கள். ஆன்டெனாவும் நன்றாக இருக்கிறதே?
– வாசகர், சென்னை

பதில்: ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னது? 20 மீட்டர் கேபிள் சொன்னது. அந்தச் சாட்சியை அப்படியே ஏற்கக் கூடாது.

ஆர்ஜி-58 கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு சுமார் 20 டெசிபல் தின்னும். உங்கள் 20 மீட்டருக்கு 4 டெசிபல், அதுவும் கேபிள் புதிதாக இருந்தால். கருவியின் சிக்னல் மேலே போகும்போது 4, திரும்பி வரும்போது 4, ஆக 8 டெசிபல் வழியிலேயே கரைகிறது. திரும்பி வருவது குறைவாகத் தெரிந்தால் கருவி ‘பொருத்தம் பிரமாதம்’ என்றுதான் காட்டும், வேறு என்ன செய்யும்?

உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். கீழே எஸ்டபிள்யூஆர் 1.6 என்றால் ரிட்டர்ன் லாஸ், அதாவது அனுப்பியதைவிடத் திரும்பி வருவது எவ்வளவு குறைவு என்பது, 12.7 டெசிபல். அதில் கேபிள் தின்ற 8ஐக் கழித்தால் ஆன்டெனாவின் வாயில் மிஞ்சுவது 4.7. அதை எஸ்டபிள்யூஆராக மாற்றினால் ஏறத்தாழ 3.8. கீழே 1.6, மேலே 3.8! 10 வாட் அனுப்பினால் மேலே போய்ச் சேருவது 4 வாட், அதிலும் மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடுகிறது. நீங்கள் இரண்டரை வாட் சொச்சத்தில்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆன்டெனாவையே கழற்றி, மேல் முனையைச் சும்மா விட்டுவிட்டாலும் இந்தக் கேபிள் கீழே எஸ்டபிள்யூஆர் 2.3 தான் காட்டும். ஆன்டெனாவே இல்லாமல் 2.3! கேபிள் இன்னும் நீளமாக இருந்தாலோ உள்ளே ஈரம் இறங்கியிருந்தாலோ அது 1.7, 1.5 என்று இன்னும் அழகாகிக்கொண்டே போகும். வருடா வருடம் எண் மாறவில்லை என்கிறீர்கள். ஆன்டெனாவின் இணைப்பு அரித்துக்கொண்டு வர, கேபிளின் இழப்பும் கூடிக்கொண்டு வர, ஒன்றின் கேட்டை மற்றது மறைத்திருக்கலாம். சென்னைக் காற்றில் உப்பு இருக்கிறது, கனெக்டரின் பித்தளை பச்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

இனி செய்ய வேண்டியது. மேலே ஏறி ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேபிள் முனையைத் திறந்து வையுங்கள். கீழே 145 மெகாஹெர்ட்ஸில் எஸ்11ஐ (திரும்பி வரும் சிக்னல்) லாக்மேக் முறையில், அதாவது டெசிபலில் பாருங்கள். வரும் டெசிபலில் பாதிதான் ஒரு வழி இழப்பு. கோடு அலை அலையாக இருந்தால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவை எடுங்கள். முடிந்தால் முனையை ஷார்ட் செய்தும் ஒரு தடவை பார்த்து இரண்டின் சராசரியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழி 4 என்றால் கேபிள் தன் சுபாவப்படிதான் இருக்கிறது. 6, 7 என்று வந்தால் தண்ணீர் குடித்திருக்கிறது, அதைக் காயவைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம், மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஆர்ஜி-58 மறுபடி போடாதீர்கள். 20 மீட்டருக்கு ஆர்ஜி-213 அளவுக்காவது தடிமனான கேபிள் வேண்டும். வெளி இணைப்புகளைத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்றி மூடுங்கள்.

கேபிளை மாற்றிய பிறகு எஸ்டபிள்யூஆர் 2, 3 என்று ‘கெட்டுப்போனால்’ பதற வேண்டாம். இத்தனை நாள் மறைந்திருந்த ஆன்டெனா இப்போதுதான் முகம் காட்டுகிறது. அதன் பிறகு அதைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: சுவருக்குள் போகும் 27 மீட்டர் கேபிள் எங்கோ முறிந்துவிட்டது. நானோவிஎன்ஏவை வைத்து எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியுமா? டிடிஆர் மெனு புரியவில்லை.
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: முடியும், டிடிஆர் (கேபிளில் எத்தனை தூரத்தில் சிக்னல் திரும்புகிறது என்று காட்டும் வசதி) மெனு இல்லாமலே முடியும். முறிந்த இடம் ஒரு திறந்த முனை. திறந்த கேபிள் கால் அலைநீளம் ஆகும் அதிர்வெண்ணில், கருவியின் வாயில் ஷார்ட் மாதிரி தெரியும். ஆகவே 0.1 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை கேலிபரேஷன் செய்து, ஸ்மித் சார்ட்டில் மார்க்கரை மெதுவாக நகர்த்துங்கள். வலது கோடியில் கிளம்பிய புள்ளி கீழ்ப்பாதி வழியாகப் போய் இடது கோடியை முதன்முதலில் தொடும் அதிர்வெண்ணைக் குறியுங்கள். 75ஐக் கேபிளின் வேகக் குணகத்தால் (ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் கேபிளில் சிக்னல் ஓடுகிறது என்பது) பெருக்கி, அந்த மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் தூரம் மீட்டரில் வந்துவிடும். ஆர்ஜி-58க்குக் குணகம் 0.66. இடது கோடியை 2.75 மெகாஹெர்ட்ஸில் தொட்டால் 49.5ஐ 2.75ஆல் வகுக்க வேண்டும், 18 மீட்டர். 27 மீட்டர் கேபிள் 18 மீட்டரில் முடிகிறது என்றால் முறிவு அங்கேதான். மறு முனையிலிருந்தும் அளந்தால் 9 வர வேண்டும், வந்தால் சுவரைத் தைரியமாக உடைக்கலாம்.

புள்ளி வலது கோடிக்குப் பதில் இடது கோடியில் கிளம்பினால் அது முறிவல்ல, ஆணி ஏதோ குத்தி உள்கம்பியும் வலையும் ஒட்டியிருக்கிறது. அப்போது வலது கோடியைத் தொடும் அதிர்வெண்ணை வைத்து அதே கணக்கு. ஃபோம் நிரப்பிய கேபிளுக்குக் குணகம் 0.8ஐ ஒட்டி இருக்கும், கேபிளின் விவரத்தாளில் பார்த்துப் போடுங்கள். இல்லையென்றால் அதே கேபிளில் நீளம் தெரிந்த ஒரு துண்டை அளந்து நீங்களே குணகத்தைக் கண்டுபிடிக்கலாம், அதுதான் நம்பகமானது.

கேள்வி: வணக்கம் ஐயா. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் கட்டியிருக்கிறேன். நடுப்பகுதி உயரத்தில், இரண்டு நுனியும் தாழ்ந்து பனைகளில் கட்டியிருக்கிறது. மொத்தக் கம்பி 20.8 மீட்டர். எஸ்டபிள்யூஆரின் பள்ளம் 6.85இல் நிற்கிறது. கேபிளைக் கையால் தொட்டால் பள்ளம் நகர்கிறது, லேப்டாப்பில் யூஎஸ்பி குத்தினால் இன்னும் நகர்கிறது. எதை நம்புவது?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முதலில் தொட்டால் நகர்கிற விஷயத்தை முடியுங்கள், அதற்கு முன் கத்தரியைக் கையில் எடுக்க வேண்டாம். கேபிளைத் தொட்டால் அளவு மாறுகிறது என்றால் கேபிளின் வெளி வலையும் ஆன்டெனாவின் ஒரு பாகமாக வேலை செய்கிறது. லேப்டாப்பைச் சேர்த்தால் லேப்டாப்பும் அதன் சார்ஜர் ஒயரும்கூட ஆன்டெனாவாகிவிடுகின்றன. நீங்கள் அளப்பது டைபோலை அல்ல, டைபோலோடு சேர்ந்த வீட்டு ஒயரிங்கை. மேலே, கேபிள் கம்பியோடு சேரும் இடத்தில், வெளி வலையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சோக் ஒன்று போடுங்கள். பெரிய ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். அளக்கும்போது கருவியை அதன் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். இனி கேபிளைத் தொட்டுப் பாருங்கள், கோடு அசையாமல் நின்றால் அந்தப் பள்ளம் உங்கள் டைபோலுடையது.

அப்போதும் பள்ளம் 6.85இலேயே இருந்தால் கணக்கு எளிது. 20.8ஐ 6.85ஆல் பெருக்கி 7.1ஆல் வகுத்தால் 20.07. அதாவது மொத்தத்தில் 73 சென்டிமீட்டர் அதிகம், ஒரு பக்கத்துக்கு 36 சொச்சம். உடனே 36ஐயும் வெட்டாதீர்கள். 25 சென்டிமீட்டர் அளவுக்கு நுனியை மடித்து, கம்பியின் மேலேயே நெருக்கிச் சுற்றி விட்டு அளந்து பாருங்கள். பனையில் கட்டும் கயிற்றின் நீளத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள், நுனிக்கும் மரத்துக்கும் இடைவெளி இருக்கட்டும். மழை பெய்து மரம் நனைந்தால் பள்ளம் கீழே இறங்கும். காய்ந்த நாளிலும் நனைந்த நாளிலும் அளந்து நடுவில் நிறுத்துங்கள்.

1.5க்குக் கீழே வந்ததும் விட்டுவிடுங்கள், நான் கெஞ்சிக் கேட்கிறேன். 1.5இல் திரும்புவது 4 சதவீதம் சக்திதான். 2இல்கூட 11 சதவீதம்தான். 1.1 வேண்டும் என்று ஏணியில் ஏறி ஏறி இறங்கிக் கால் உடைந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இவ்வளவு நீளக் கம்பி வெறும் காற்றிலேயே நிலைமின்னூட்டம் சேர்த்துக்கொள்ளும். கருவியில் மாட்டும் முன் ஒவ்வொரு முறையும் கேபிளின் நடு ஊசியையும் வெளி வலையையும் ஒரு தடவை ஒட்டி எடுங்கள். மேகம் கறுத்தால் அளக்கவே வேண்டாம்.

கேள்வி: தோட்டத்துக் கிணற்றின் நீர்மட்டம் பார்க்க லோரா மாட்யூல் (குறைந்த சக்தியில் தொலைவுக்குத் தகவல் அனுப்பும் ரேடியோ) வைத்திருக்கிறேன். 868 என்று போட்டு வாங்கிய ஆன்டெனா ஒன்றில் நானோவிஎன்ஏ எந்தப் பள்ளமும் காட்டவில்லை, எதுவுமே மாட்டாத மாதிரி நிற்கிறது. இன்னொன்றில் பள்ளம் 915 பக்கம் இருக்கிறது. இரண்டுமே டூப்ளிகேட்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதல் ஆன்டெனாவின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தால் அது ரிவர்ஸ் பொலாரிட்டி எஸ்எம்ஏ (எஸ்எம்ஏ என்ற சின்ன மரைக் கனெக்டரில் ஊசியும் ஓட்டையும் இடம் மாறியது), வைஃபை ரவுட்டர்களில் வரும் வகை. மரை கச்சிதமாக ஏறும், இறுக்கமாகவும் நிற்கும், ஆனால் உள்ளே ஊசியே இருக்காது, ஓட்டைக்கு எதிரே ஓட்டைதான் இருக்கும். கருவி ‘எதுவும் மாட்டவில்லை’ என்று சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அடாப்டர் வாங்கிப் போட்டால் தீர்ந்தது. உங்கள் மாட்யூலில் இருப்பது எந்த வகை என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள், அங்கேயும் இதே கதையாக இருந்தால் கிணற்றுத் தகவலும் ஒழுங்காக வராது.

இரண்டாவது ஆன்டெனா கெட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். இந்தச் சின்னக் குச்சிகள் பெரும்பாலும் கால் அலை வகை. 866 மெகாஹெர்ட்ஸுக்கு நிஜமான கம்பி 8 சென்டிமீட்டர் சொச்சம்தான், மிச்சப் பாதி வேலையைக் கீழே இருக்கும் தரைத்தளம் செய்ய வேண்டும். நேராகக் கருவியில் மாட்டினால் கருவியின் போர்டும் அதைப் பிடித்திருக்கும் உங்கள் கையுமே தரைத்தளம். கையை எடுத்து மேசையில் வைத்தால் பள்ளம் நகர்வதைப் பார்ப்பீர்கள். நிஜமாகத் தெரிய வேண்டுமென்றால், மாட்யூல் இருக்கும் அதே டப்பாவில், பேட்டரியும் மூடியும் அதனதன் இடத்தில் இருக்க, ஆன்டெனாவை அதன் இடத்தில் பொருத்தி, குட்டிக் கேபிள் வழியாக அளக்க வேண்டும். கேலிபரேஷன் அந்தக் கேபிளின் நுனியில். வரம்பை 800 முதல் 950 வரை சுருக்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த ஒதுக்கியிருக்கும் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை எஸ்டபிள்யூஆர் 2க்குள் இருந்தால் போதுமானது. அப்போதும் 915இலேயே நின்றால் அது வேறு நாட்டுப் பட்டைக்குச் செய்தது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: டூப்ளெக்சரின் நாட்ச் ஆழம் 80 டெசிபல் என்று தயாரித்தவர் சொல்கிறார். எனக்கு 70க்கு மேல் இறங்கவே மாட்டேன் என்கிறது. யார் பொய்?
– வாசகர், மதுரை

பதில்: இருவரும் இல்லை. நாட்ச் என்பது டூப்ளெக்சர் என்ற ஃபில்டர் வேண்டாத அதிர்வெண்ணைத் தடுக்கும் பள்ளம். சாதாரண நானோவிஎன்ஏ-எச் 300 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே சுமார் 70 டெசிபல்தான் பார்க்கும், 900 வரை 60, அதற்கு மேல் 40. நீங்கள் பார்ப்பது நாட்சின் அடியை அல்ல, கருவியின் அடியை. இரண்டு வாயிலும் லோடை மாட்டிவிட்டு எஸ்21ஐ (முதல் வாயிலிருந்து இரண்டாவது வாய்க்கு வந்து சேரும் சிக்னல்) பாருங்கள், கோடு எங்கே நிற்கிறதோ அதற்குக் கீழே இருக்கும் எதையும் இந்தக் கருவியால் சொல்ல முடியாது. புதிய ஃபர்ம்வேரில் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) பேண்ட்வித்தைக் குறைத்தால் கொஞ்சம் ஆழம் கிடைக்கும், ஸ்வீப் மெதுவாகும்.

கிறிஸ்டல் ஃபில்டர் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 101 புள்ளி உள்ள கருவியில் 1 மெகாஹெர்ட்ஸ் அகலம் திறந்து வைத்தால் புள்ளிக்குப் புள்ளி 10 கிலோஹெர்ட்ஸ். இரண்டரை கிலோஹெர்ட்ஸ் அகல ஃபில்டர் அந்த இடைவெளியில் காணாமலே போய்விடும்.

கேள்வி: ஃபர்ம்வேர் ஏற்றினேன், திரை வெள்ளையாகிவிட்டது. நண்பருடைய கருவியில் டச் தள்ளித் தள்ளி வேலை செய்கிறது.
– வாசகர், சேலம்

பதில்: எச் மாடலும் எச்4 மாடலும் வெவ்வேறு புராசசர், ஒன்றின் கோப்பு மற்றதில் ஓடாது. நீங்கள் மாற்றி ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பயப்படாதீர்கள், ஃபர்ம்வேர் ஏற்றும் சிறு நிரல் சிப்புக்குள்ளேயே அழியாமல் இருக்கிறது. மேலே உள்ள உருட்டும் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் புதிய போர்டுகள் டிஎஃப்யூ நிலைக்கு, அதாவது ஃபர்ம்வேரை வாங்கிக்கொள்ளும் நிலைக்குப் போகும். பழைய போர்டென்றால் பின்பக்கம் திறந்து, பூட் என்று குறித்த முனையைப் பக்கத்தில் இருக்கும் சப்ளை முனையோடு சேர்த்துக்கொண்டு ஆன் செய்ய வேண்டும். அந்த நிலையில் திரை கறுப்பாகவே இருக்கும், கணினி அடையாளம் கண்டுகொள்கிறதா என்று மட்டும் பாருங்கள். சரியான கோப்பை ஏற்றிவிட்டுக் கேலிபரேஷனையும் புதிதாகச் செய்யுங்கள்.

நண்பருக்கு: உருட்டும் பட்டனாலேயே கான்ஃபிக் மெனுவுக்குப் போய் டச் கேல் செய்து, அதே மெனுவில் இருக்கும் சேவ் கொடுக்க வேண்டும். கேலிபரேஷனின் சேவ் வேறு, இது வேறு.

கேள்வி: தவறுதலாக நானோவிஎன்ஏ மாட்டியிருந்த கேபிளில் 5 வாட் கையடக்க ரேடியோவை அழுத்திவிட்டேன். எஸ்டபிள்யூஆர் இப்போது எதை மாட்டினாலும் ஒரே மாதிரி காட்டுகிறது. போய்விட்டதா?
– வாசகர், திருச்சி

பதில்: கேலிபரேஷனை ரீசெட் செய்துவிட்டு, ஓப்பனையும் ஷார்ட்டையும் மாற்றி மாற்றி மாட்டி எஸ்11இன் ஃபேஸைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 180 டிகிரி தாவ வேண்டும். தாவவில்லை என்றால் முன்பகுதியில் உள்ள பிரிட்ஜோ மிக்சரோ போய்விட்டது. அடுத்து இரண்டு வாயையும் ஒரு சின்னக் கேபிளால் இணைத்து எஸ்21ஐப் பாருங்கள். கோடு மேலே எழுந்து நின்றால் சிக்னல் பிறக்கும் பகுதி உயிரோடு இருக்கிறது. அப்படியானால், பொடி பாகங்களைச் சால்டர் செய்யத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திரும்பிவரும் சிக்னலைப் பார்க்கும் மிக்சரை மாற்றிப் பார்க்கலாம், எஸ்ஏ612 என்ற வழக்கமான சிப்தான். எழவே இல்லை என்றால் வேறு வாங்குவதுதான் சிக்கனம். ஆன்டெனா ஸ்விட்ச் வழியாக ரேடியோவையும் விஎன்ஏவையும் ஒரே கேபிளில் வைத்திருக்கும் மற்றவர்களும் இதைப் படித்தவுடன் பிரித்துவிடுங்கள். ஸ்விட்சின் மறுபக்கத்துக்குக் கசியும் கொஞ்சம் சக்திகூட இந்த வாய்க்கு அதிகம்.

கேள்வி: ஸ்மித் சார்ட்டைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எஸ்டபிள்யூஆர் கோடு மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளக் கூடாதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தள்ளலாம். ஆனால் ஒரு சாயங்காலம் எனக்குக் கொடுங்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துப் பொறியாளர் ஃபிலிப் ஸ்மித் 1939இல் இதை வெளியிட்டபோது அவர் நோக்கம் பயமுறுத்துவதல்ல, பக்கம் பக்கமாகப் போடும் கணக்கை ஒரு காகிதத்தில் விரலால் தொட்டுப் பார்க்க வைப்பது. ஜப்பானில் மிசுஹாஷி தோசாகு இதே வழியை 1937இலேயே கண்டிருந்தார்.

இரண்டு எஸ்எம்ஏ கனெக்டர் எடுங்கள். ஒன்றின் பின்னால் 100 ஓம் ரெசிஸ்டர், இன்னொன்றில் இரண்டு 50 ஓம் பக்கம் பக்கமாகப் போட்டு 25 ஓம், காலை ஒட்ட வெட்டிச் சால்டர் செய்யுங்கள். 1 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்தால் எஸ்டபிள்யூஆர் கோடு இரண்டுக்கும் 2 என்றே சொல்லும், இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஸ்மித் சார்ட்டில் 100 ஓம் நடுவுக்கு வலப்பக்கமும் 25 ஓம் இடப்பக்கமும் நடுக்கோட்டின் மேல் உட்காரும். இப்போது 100 ஓமோடு ஒரு 100 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டரைப் பக்கவாட்டில் சேருங்கள். அதிர்வெண் ஏற ஏறப் புள்ளி கீழ்ப்பாதியில் வளைந்து இடப்பக்கம் இறங்கும். கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு, பேனாவில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிய காயிலை 25 ஓமுக்குத் தொடராகப் போட்டால் மேல்பாதியில் ஏறும். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், முடிந்தால் திரையைப் படமெடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் அந்தப் படத்தை வைத்தே மேட்சிங்கை ஆரம்பிக்கிறேன்.